பட்டைக் கறுப்பு

தண்ணீரில் மூழ்கிய மோட்டாரைக் கண்டதும் செய்யக்கூடாத முதல் காரியம், அதைக் கிளப்பிப் பார்ப்பது. இரண்டாவது, அதை அப்படியே விட்டுவைப்பது. எங்கள் அலுவலகம் முதல் தவறைச் செய்யவில்லை. அதற்காக யாரும் எங்களைப் பாராட்ட வேண்டியதில்லை. இரண்டாவது தவறை மும்முரமாகச் செய்துகொண்டிருந்ததால் முதலாவதற்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

நான் அப்போது வேலூரில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் ஹெட் குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று தெரிந்து இனி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார துரை. அவர் சுற்றுப்பயணம் போக ஒரு மோட்டார். மோட்டாருக்கு ஒரு டிரைவர். இந்த மூன்றுக்கும் சேர்த்துக் காகிதம் எழுத நான். விதிப்புத்தகம் எனக்கு அநேகமாக மனப்பாடம். சிலருக்கு ரயில் நேரம் மனப்பாடம் ஆகிவிடுகிறது, எனக்கு இது வாய்த்தது.

டிரைவர் ஆம்பூர்க்காரர். அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அவரை "அவன்" என்றுதான் சொன்னோம். எழுதும்போதும் அந்தப் பழக்கத்தைத் தொடர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல். அந்த வருஷம் மைசூர்ப் பக்கம் பெய்த மழை முழுவதும் ஒரே வாரத்தில் எங்கள் மணலைத் தேடிக்கொண்டு வந்தது. துரை அப்போது ஆம்பூர் முசாபரி பங்களாவில் முகாம் போட்டிருந்தார். வானம் கறுத்ததும் ரயிலேறி வேலூருக்கு வந்துவிட்டார். டிரைவரிடம், வண்டியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். வாயால் சொன்னதுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

பங்களாத் தோட்டத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் டிரைவர் மேடான இடம் தேடினார். அவருக்குத் தெரிந்த மேடு ஒன்றுதான்: ஒரு தோல் ஷாப்பு. தோல் பதனிடும் கொட்டகையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மனைவி அங்கே வேலை செய்துகொண்டிருந்தாள். கொட்டகையின் தளம் தெருவைவிட இடுப்பளவு உயரம். வண்டியை அதன்மேல் ஏற்றி, தொட்டிகளுக்கு நடுவே இருந்த பாதையில் நிறுத்தினார். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய சாறு நிறைந்த தொட்டிகள் அவை. தோல் அதில் வாரக்கணக்கில் கிடந்து பதமாகும்.

புத்திசாலித்தனமான காரியம்தான். ஆறுதான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் தெருவும் தளமும் ஒரே மட்டமாகிவிட்டன. தொட்டிகள் வழிந்தன. விளக்கு மூழ்கும் உயரத்துக்கு அந்தக் கலங்கல் சாற்றில் வண்டி ஒன்றரை நாள் நின்றது.

வெள்ளம் வடிந்ததும் டிரைவர் வண்டியின் வெளிப்புறம் முழுவதையும் கிணற்றுத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினார். தோல் ஷாப்பு வாடையோடு துரையின் முன் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்ற மரியாதை. பிறகு இரண்டு ஜோடி மாடு கட்டி வேலூருக்கு இழுத்துவந்தார். புறப்படும்போதே துரையின் தந்தி வந்துவிட்டது: பரிசோதனை முடியும்வரை இன்ஜினை யாரும் தொடக்கூடாது. பரிசோதகர் சென்னையிலிருந்து வரவேண்டும். ரயில் பாதையோ இரண்டு இடத்தில் அரித்துப் போயிருந்தது. பன்னிரண்டு நாள் அந்த இன்ஜின் வயிற்றில் தண்ணீரோடு எங்கள் கொட்டகையில் காத்திருந்தது. இரும்புக்குத் தந்தி படிக்கத் தெரியாது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. டிரைவர் வாக்குமூலம் கொடுக்கவேண்டும், அதுவும் இங்கிலீஷில். எழுதுகிறேன் என்று நானே முன்வந்தேன்.

"வண்டியை எங்கப்பா நிறுத்தின?"

"தோல் ஷாப்புலங்க ஐயா. எம் பொஞ்சாதி வேலை செய்ற எடம்."

"பெண்டாட்டி வேலை செய்யற இடத்தில சர்க்கார் வண்டி. படிச்ச உடனே என்ன கேப்பாங்க தெரியுமா? சொந்த ஜோலியா எடுத்துட்டுப் போனான்னு கேப்பாங்க."

"ஊரே முழுகுறச்சே சொந்த ஜோலி இன்னாங்க ஐயா?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். காகிதத்துக்குத் தெரியாது."

தோல் ஷாப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு "பாதுகாப்பான ஒரு மேட்டிடம்" என்று எழுதினேன். எந்தக் கேள்வியும் உள்ளே நுழைய முடியாத சொற்றொடர். இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சொல்லைச் சர்க்கார் காகிதத்தில் எழுத என் பேனா கூசியது. ஆம்பூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொள்ளும் வர்க்கம் நான். டிரைவர் அடியில் கையெழுத்துப் போட்டார். என்னை நம்பித்தான் போட்டார்.

பரிசோதகர் வந்து சேர்ந்தார். சென்னையில் ஏதோ ஒரு பணிமனையின் மேற்பார்வையாளர். தொப்பி வைத்திருந்தார், கையில் டார்ச்சு விளக்கு. இன்ஜினில் நான்கு சிலிண்டர், நான்கு பிளக்கு. அவர் ஒரு பிளக்கைக் கழற்றினார். கம்பியில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். துணி கறுப்பாக வந்தது. முன்னால் ஹேண்டிலை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினார். அசையவில்லை. துணியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீரா ஓய்? தண்ணியில கெட்ட இன்ஜின் செவப்பாத் துருப்புடிக்கும். இது கறுப்பு. எண்ணெயே இல்லாம ஓட்டி எரிச்சிருக்கான். எரிஞ்சு புடிச்சுக்கிச்சு. அப்புறம் வெள்ளம் வந்தது அவன் அதிர்ஷ்டம். தண்ணியில வுட்டுட்டு ஆத்து மேல பழியப் போட்டுட்டான்."

"எண்ணெய்ச் சட்டியைத் திறந்து பார்த்தால் தெரியுமே," என்றேன். இன்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் பாத்திரத்தைச் சொன்னேன்.

"எதுக்கு? காப்பி ஆறிடும்."

உதவாது என்று ஒரு பொருளைத் தள்ளுவதை அலுவலகத் தமிழில் கண்டம் பண்ணுவது என்போம். ஜோசியர்கள் அதே சொல்லை வேறு பொருளில் சொல்வார்கள், தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம் என்று. இந்த வண்டிக்குத் தண்ணீரில் வந்த கண்டம் தப்பியிருக்கக்கூடும். காகிதத்தில் வந்ததுதான் தப்பவில்லை. வண்டியைக் கண்டம் பண்ணவேண்டும், டிரைவரை வேலையிலிருந்து நீக்கவேண்டும், லைசென்ஸை ரத்து செய்யவேண்டும் என்றும் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார் பரிசோதகர்.

வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கலாம். லைசென்ஸ் போனால் ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை ஒரு முதலாளியும் அவரை ஸ்டியரிங் பக்கம் அண்டவிடமாட்டான். திரும்பிப்போய் ஆம்பூரில், தோலின் மயிரை உரிக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கவேண்டியதுதான். பதினைந்து வருஷத்துக்கு முன் அந்தத் தொட்டியிலிருந்துதான் அவர் ஏறி வந்திருந்தார். விரல் நகங்களில் இரண்டு இன்னும் சரியாக வளரவில்லை.

"எண்ணெய் பாக்காம ஒருநாளும் நானு வண்டி எடுத்ததில்லீங்க ஐயா," என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. டிரைவருக்காக என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில், நான்கு பிளக்கில் ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு ஒருவன் அறிக்கை எழுதுகிறானே என்றுதான் முதலில் வந்தது. முறைப்படி செய்யாத அநியாயம் என்னால் பொறுக்க முடியாதது. முறைப்படி செய்த அநியாயங்களுக்கு நானே எத்தனையோ நகல் எடுத்திருக்கிறேன்.

விதிப்புத்தகத்தை எடுத்தேன். கண்டம் செய்யப்பட்ட சாமான், ஏல உத்தரவு வரும்வரை ஹெட் குமாஸ்தாவின் பொறுப்பில் இருக்கவேண்டும். அதைத் துப்புரவாகவும் ஈரமில்லாமலும் வைத்திருக்கவேண்டும். நாற்காலியையும் கூடாரத் துணியையும் மனத்தில் வைத்து யாரோ எழுதியது. வெளியே துப்புரவா, உள்ளேயும் துப்புரவா என்று அதில் இல்லை. துரையின் தந்தியில் இருந்த தடையோ பரிசோதனை முடியும்வரை. பரிசோதனைதான் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டதே.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டவர் கொட்டகைக்குள் வரலாமா என்று ஒரு கேள்வி. குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பு ஆதாரத்தைப் பார்வையிடலாம் என்று இன்னொரு விதி சொன்னது. எத்தனை நாள் பார்வையிடலாம் என்று சொல்லவில்லை. ஆளனுப்பி டிரைவரை வரவழைத்தேன்.

"ஏம்பா, வண்டியைத் துப்புரவு பண்ணணும். உள்ளே ஈரம் இருக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எம்மாந்தூரம் உள்ளங்க ஐயா?"

"ஈரம் எவ்வளவு தூரம் போயிருக்கோ அவ்வளவு தூரம்."

முதலில் நான்கு பிளக்கையும் கழற்றினார். பிளக்கு இருக்கும்போது இன்ஜினைச் சுற்ற முயன்றால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிஸ்டனுக்கு வழிவிடாது. தண்ணீர் அமுங்காத பொருள், வளைவது இரும்புத் தண்டாகத்தான் இருக்கும். பிறகு எண்ணெய்ச் சட்டியின் அடி மூடியைத் திறந்தார். பழுப்புத் தண்ணீர் முதலில் வந்தது, அடுத்து மோர்க்குழம்பு போல ஒரு கலவை. கடைசியில் எண்ணெய் வந்தது. கலங்காத நல்ல எண்ணெய், ஒரு படிக்கு மேலே.

"பாத்தீங்களா ஐயா, எண்ணெய் இருந்திருக்குது."

"இருந்தது. சாட்சி யாரு? நீயும் நானும். ஒருத்தன் குற்றவாளி, இன்னொருத்தன் அவன் வாக்குமூலத்தை எழுதினவன். மேல போப்பா."

மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் சமமாகக் கலந்து நான்கு சிலிண்டரிலும் பிளக்குத் துவாரம் வழியாக ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டோம். மண்ணெண்ணெய் துருவுக்குள் புகும், விளக்கெண்ணெய் அங்கேயே தங்கும். நான்காம் நாள் மேல்மூடியின் திருகுகளைக் கழற்றினார். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும், இல்லாவிட்டால் மூடி கோணிக்கொள்ளும். அந்தப் பொறுமையைப் பார்த்தபோது, எண்ணெய் ஊற்ற மறக்கிற ஆளின் கை இது இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அறிக்கைக்குப் பதிலாக அதை எழுதிக் கொடுக்க முடியாது.

மூடியைத் தூக்கினோம். நான்கு சிலிண்டரின் சுவரும் கறுப்பு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். துணி கறுத்தது, சுவரும் கறுப்பாகவே இருந்தது. டிரைவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, அவர் சொன்னது நெசமாவே இருக்குமோ? நானே தெரியாம எரிச்சுட்டு இருப்பனோ?"

முப்பது விதி சொல்லியிருப்பேன், அவர் கேட்டதற்கு ஒன்றும் பொருந்தாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆம்பூரில் தோல் ஷாப்புகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. டிரைவரின் மனைவி காலை ரயிலில் தூக்குப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தாள். கொட்டகை வாசலிலேயே நின்று கணவரைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, எழவு வூட்ல ஒக்காந்த மாதிரி ஒக்காந்துனு இருக்க?"

"எரிஞ்சு போச்சும்மே. உள்ள அத்தினியும் கரி."

அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கீழே கிடந்த துணியை எடுத்தாள். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். குனிந்து சிலிண்டர் சுவரை நகத்தால் சுரண்டினாள்.

"கரியா இது? கரின்னா கையில வழுக்கிக்கினு போவும். இது பட்டைக் கறுப்பு."

"அப்படின்னா?" என்றேன்.

"பட்டைத்தண்ணியில இரும்பு பட்டா இப்டித்தான் ஐயா கறுத்துடும். தொட்டியில ஒரு ஆணி வுழுந்தா போதும், அங்க இருக்கிற தோல்ல கைநீளம் கறுப்பு ஏறிடும். அதான் எங்க தொட்டியாண்ட இரும்பு வாளியே வெக்கமாட்டாங்க. ஒருவாட்டி என் ஊக்கு வுழுந்துடுச்சி. மேஸ்திரி நாள்பூரா ஒரே பேஜார் பண்ணிட்டான்."

நான் டிரைவரைப் பார்த்தேன். "உனக்கு இது தெரியாதா?"

"நானு சுண்ணாம்புப் பக்கங்க ஐயா. அது பட்டைப் பக்கத்து சமாச்சாரம்."

"ரெண்டுக்கும் நடுவுல பத்தடி," என்றாள் அவள். "சுண்ணாம்புக்காரரு பத்தடி நடந்து வந்து எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். மோட்டார் வந்தப்புறம் அந்தப் பத்தடி பத்து மைலாயிடுச்சி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவருக்காவது பத்தடி தூரம், எனக்கு அதுவும் இல்லை. கடுக்காயைத் தட்டிப்போட்டு, அதில் அன்னபேதியைக் கலந்து மை காய்ச்சி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன் நான். அன்னபேதி இரும்பின் உப்பு என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் என்ன நிறம் என்பது என் சட்டைப் பைக்கே தெரியும். அந்த மையில் எழுதிப் படித்து, வேலைக்கு வந்து, கடைசியில் தோல் ஷாப்பு என்ற ஒரு சொல்லைக் காகிதத்திலிருந்து அடித்தேன். அந்தச் சொல் இருந்திருந்தால் பரிசோதகரின் கறுப்புத் துணிக்கு அங்கேயே பதில் இருந்திருக்கும். ஆற்றுத் தண்ணீரில் நின்ற வண்டி கறுக்காது. நான் எழுதிய வாக்குமூலப்படி, எரிந்தால்தான் கறுக்கும். டிரைவரைப் பரிசோதகர் பாதி மாட்டிவைத்தார் என்றால் மீதியை நான் செய்திருந்தேன்.

"எலிமிச்சம்பழம் இருந்தா கொண்டாரச் சொல்லுங்க," என்றாள் அவள். "தோல்ல கறை பட்டா நாங்க அதுலதான் தேய்ப்போம்."

சட்டையில் மை கொட்டினால் நாங்களும் அதில்தான் தேய்ப்போம். அரை மூடி எலுமிச்சம்பழத்தை மூன்றாவது சிலிண்டரின் சுவரில் ஓர் ஓரமாக அவளே தேய்த்தாள். கறுப்பு மெல்லச் சாம்பலாயிற்று, பிறகு இரும்பு வெளியே வந்தது. கீறல் இல்லை. எண்ணெய் இல்லாமல் ஓடி எரிந்த இன்ஜினில் பிஸ்டன் சுவரைப் பிராண்டியிருக்கும், மேலிருந்து கீழே கோடு கோடாக இருக்கும். இங்கே ஒரு கோடு கிடையாது. துருக்குழியும் மேலோட்டமாகத்தான் இருந்தது. பட்டைச்சாறு தோலைப் பதனிடுவது போல இரும்பின் மேல்தோலையும் கறுக்கவைத்து, துருவை உள்ளே இறங்கவிடாமல் நிறுத்தியிருந்தது.

"அப்ப இன்ஜினைச் சுத்திப் பாத்துடலாமா?" என்றேன்.

டிரைவர் அவசரமாகத் தடுத்தார். "வேணாங்க ஐயா. ஒருவாட்டி சுத்தினா பிஸ்டனே கறுப்பச் சொரண்டிடும். அப்புறம் இன்னாத்த காட்றது? அவுங்க முன்னாடிதான் சுத்தணும்."

"அவங்க முன்னாடி சுத்தலைன்னா?"

"சுத்தலன்னா சுண்ணாம்புத் தொட்டிதான்."

அன்றே துரைக்கு இரண்டு காகிதம் எழுதினேன். ஒன்று, மறுபரிசோதனை கோரி டிரைவரின் மனு. இரண்டாவது என் கையெழுத்தில், என் பெயரில்: வாக்குமூலத்தில் வண்டி நின்ற இடம் தோல் ஷாப்பு என்று டிரைவர் சொன்னார், அதை நீக்கி வேறு சொல் எழுதியவன் நான். இப்படி ஒரு காகிதத்தை யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால், கிழித்துப்போட்டு வீட்டுக்குப் போ என்று சொல்லியிருப்பேன். நானே எழுதியதால் சொல்ல ஆளில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, முற்பகல். சென்னையிலிருந்து பரிசோதகர் மறுபடியும் வந்தார், முகத்தை எட்டாக மடித்துக்கொண்டு. கொட்டகையில் ஒரு தட்டில் நான்கு எலுமிச்சம்பழம் இருந்தது.

"என்ன ஓய், சக்கரத்துக்கு அடியில வெச்சு நசுக்கப் போறீரா? திருஷ்டி கழிக்கவா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீர்?"

துரை தமிழ்ப் பரீட்சை தேறியவர். அவர் பேசியது பிரசங்கத் தமிழ். "இவ்வியந்திரத்தைத் திறப்பதற்கு உமக்கு அனுமதி தந்தவர் யார்?"

"விதிதான், துரை அவர்களே," என்று புத்தகத்தை விரித்து நீட்டினேன். "துப்புரவு."

அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. பிறகு டிரைவரின் மனைவியைப் பார்த்தார். "இப்பெண்மணி யார்?"

"பட்டைத் தொட்டி விஷயத்தில் இங்கே இருப்பவர்களில் அதிகம் தெரிந்தவர்," என்றேன்.

அவள் துரையைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் இருந்த பட்டைச்சாற்றில் ஒரு புது ஆணியைப் போட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே ஆம்பூரிலிருந்து கொண்டுவந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆணியைச் சுற்றிச் சாறு கறுத்தது. துரை குனிந்து பார்த்தார். பிறகு அவள் பழத்தை நறுக்கி, முதல் சிலிண்டரில் தொடங்கி நான்கின் சுவரையும் மேலிருந்து கீழே தேய்த்துக் காட்டினாள்.

"கீறல் எங்கே இருக்குன்னு ஐயா காட்டணும்," என்று பரிசோதகரிடம் டார்ச்சு விளக்கை நீட்டினார் டிரைவர். பரிசோதகர் பார்த்தார். ஒவ்வொரு சிலிண்டராகப் பார்த்தார். கீறல் இல்லை என்று சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

"எரியலைன்னே வெச்சுப்போம். புடிச்சது புடிச்சதுதானே? சுத்தாத இன்ஜினை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

அவர் கேட்டது நியாயம். இன்ஜின் சுற்றாவிட்டால் அவருடைய அறிக்கைதான் நிற்கும்.

டிரைவர் எலுமிச்சைப் புளிப்பு தங்காமல் வெந்நீரால் துடைத்து, சுவர்களில் விளக்கெண்ணெய் தடவினார். வண்டியை டாப் கியரில் போட்டார். அந்தக் கியரில் வண்டியைத் தள்ளினால் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், ஹேண்டிலைவிட மெதுவாக, பலமாக. இரண்டு பியூன்கள் பின்னால் நின்றார்கள்.

"முன்னால ஒரு விரக்கடை, பின்னால ஒரு விரக்கடை. இடிக்காதீங்க. தொட்டில் ஆட்ற மாதிரி."

ஆட்டினார்கள். சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடியும் ஆட்டினார்கள். பரிசோதகர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். டிரைவர் நான்காவது சிலிண்டரின் மேல் குனிந்தார். அதில்தான் வெள்ளம் நேராக இறங்கி நின்றிருந்தது. பிஸ்டன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்து மரச் சுத்தியால் தட்டினார். அடிக்கவில்லை, தட்டினார். ஓர் ஓரம், எதிர் ஓரம், நடு.

"இப்ப ஆட்டுங்க."

நனைந்த கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல். நான்கு பிஸ்டனில் ஓரத்து இரண்டும் கீழே இறங்கின, நடு இரண்டும் மேலே வந்தன. ஒரு நெல் நீளம்தான் இருக்கும். பின்னால் தள்ளியபோது திரும்பி வந்தன. அடுத்த தடவை ஒரு விரல் போயின.

"சுத்துது," என்றார் டிரைவர், யாரிடமும் இல்லாமல்.

"சுத்தினா போதுமா, ஓடணுமே," என்றார் பரிசோதகர். ஆனால் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஓட வைக்க இன்னும் ஆறு நாள் ஆயிற்று. பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவைக் கழற்றி, ஒரு ரொட்டிக்கடையில் அடுப்பு அணைந்தபின் மிஞ்சும் சூட்டில் மூன்று தடவை உலர்த்தினோம். நேரான நெருப்பில் காட்டினால் உள்ளே இருக்கும் அரக்கு உருகிவிடும். மூடியை மூலைக்கு மூலை முடுக்கினார். புது எண்ணெய் ஊற்றிச் சுற்றி, அதை வடித்து, மறுபடியும் ஊற்றினார். ஹேண்டிலை எத்தனை தடவை சுற்றினார் என்று எண்ணவில்லை. கிளம்பியபோது கொட்டகை முழுவதும் விளக்கெண்ணெய்ப் புகை. கிழக்குப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் குமாஸ்தாக்கள் சாத்திக்கொண்டார்கள்.

துரை உத்தரவு எழுதி அனுப்பினார். டிரைவர் மீதான குற்றம் கருணையை முன்னிட்டு மன்னிக்கப்படுகிறது, அவர் வேலைக்குத் திரும்பலாம். பெற்றுக்கொண்டதற்கு அடியில் கையெழுத்துப் போடவேண்டும். நான் டிரைவரிடம் காகிதத்தைப் படித்துச் சொல்லி, பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "மன்னிப்புன்னா தப்பு பண்ணவனுக்குத்தானுங்களே?"

"அதைப் பாக்காதப்பா. வேலை கிடைக்குது, லைசென்ஸ் கிடைக்குது. போடு."

"ஒருவாட்டி நீங்க சொன்னீங்கன்னு போட்டேன் ஐயா."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குப் போனேன். டிரைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார் என்றேன். பிடிவாதக்காரன் என்றார் துரை. ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

"ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். மன்னிப்பு என்றால் குற்றம் இருந்தது. குற்றம் இருந்தது என்றால் இன்ஜின் எரிந்தது. எரிந்துபோன இன்ஜினில் துரை அவர்கள் இன்று ஆலங்காயம் முகாம் போகிறீர்கள். இதை எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று உத்தரவாக வேண்டும்."

அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு "மன்னிக்கப்படுகிறது" என்பதை அடித்துவிட்டு, "குற்றம் எதுவும் இல்லை" என்று எழுதினார். கண்டம் அறிக்கையும் ரத்து. கீழே இன்னொரு பத்தியும் சேர்த்தார்: வாக்குமூலத்தில் உண்மையை மறைத்ததற்காக ஹெட் குமாஸ்தா கண்டிக்கப்படுகிறார், சர்வீஸ் புத்தகத்தில் பதிய வேண்டும். அந்தப் புத்தகத்தில் பதிவு எழுதுவது ஹெட் குமாஸ்தாவின் வேலை. ஆகவே என்னை நானே கண்டித்து, நல்ல கையெழுத்தில் எழுதி, துரையிடம் சான்றொப்பம் வாங்கிக்கொண்டேன். மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் உண்டு என்று எனக்குத் தெரியும். செய்யவில்லை. வேறு எத்தனையோ உத்தரவுகள் மேல் நான் முறையிட்டிருக்கிறேன், அவற்றில் பாதிகூட இவ்வளவு சரியாக எழுதப்பட்டிருக்கவில்லை.

டிரைவர் திருத்திய காகிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு சொல்லாக என்னிடம் அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். போய் வண்டியைக் கிளப்பினார். துரை தொப்பியும் பிரம்புமாகப் படியிறங்கி வந்து, கதவில் கைவைத்தார்.

"இன்னும் இல்லீங்க தொரை," என்றார் டிரைவர். சீட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை, தலையை மட்டும் திருப்பினார். "நாலாவது சிலிண்டர் சூடேறணும். கொஞ்சம் நில்லுங்க."

பியூன்கள் அப்படியே நின்றார்கள். மாடி ஜன்னலில் எங்கள் குமாஸ்தாக்கள் நான்கைந்து தலை. டிரைவர் அவர்கள் பக்கமே பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். துரை கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, வெயிலில் ஓரமாக நின்றார்.